மூளைக் குழாய்ச் சிகிச்சையும் ஐந்து இலக்க எண்ணும்

எத்தனை மரம் சீவினாலும், கிராணியின் செக்ரோலில் பதிவு விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பது தோட்டத்தில் நம் பெற்றோர் அறிந்த செய்தி. அமெரிக்க மருத்துவமனைகளிலும் அத்தகைய ஏடு உண்டு. அங்கே எழுதப்படுவது எண்.

1927இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் என்னும் மருத்துவர், கழுத்து இரத்தக் குழாயில் மருந்துநீர் செலுத்தி, எக்ஸ்ரே படத்தில் மூளையின் குழாய்களைக் கண்டார். பின்னாளில் தொடையில் சிறு துளையிட்டு, கதீட்டர் என்னும் மெல்லிய குழலை மூளை வரை செலுத்தும் வித்தை வளர்ந்தது. 1990இல் இத்தாலியரான குல்யெல்மி, அமெரிக்காவில், வீங்கிய குழாயைப் பிளாட்டினச் சுருளால் அடைத்தார். மண்டையைத் திறக்கவே இல்லை!

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் மருத்துவர் செய்யும் வேலைகளுக்கு எண்ணிட்டு ஒரு நூல் வெளியிட்டது. 1970இல் அவை ஐந்து இலக்கமாயின. முதியோருக்கான அரசுக் காப்புத் திட்டமாகிய மெடிகேர் 1983இல் அவற்றை ஏற்றது. சுருளால் அடைப்பதற்கு 61624 என்று எண். எக்ஸ்ரே வழிகாட்டும் வேலைக்கு வேறோர் எண்.

பக்கவாதத்தில் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கதீட்டரால் இழுத்தெடுக்கும் வேலைக்கோ நெடுநாள் தனி எண் இல்லை. கால் குழாய்க் கட்டிக்கும் பொதுவாயிருந்த 37184 என்ற எண்ணில்தான் அதை எழுதினார்கள். உயிர் காக்கும் வேலை, இரவல் பெயரில்! 2015இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வெளிவந்தது. நோயாளிகள் 500 பேர். மூன்று மாதத்தில் பிறர் துணையின்றி வாழ்ந்தவர், வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 19; கட்டியெடுப்பும் சேர்ந்தபோது 33.

2016இல் 61645 பிறந்தது. குழல் செலுத்துதல், படம் பார்த்தல், கட்டி கரைக்கும் மருந்து யாவும் அந்த ஓர் எண்ணுக்குள் அடக்கம். தனித்தனியே பணம் கேட்க முடியாது. வலக் கழுத்துக் குழாய், இடக் கழுத்துக் குழாய், பின்புறக் குழாய் என மூளையை மூன்று பகுதியாக்கி, சிகிச்சை செய்த பகுதிக்கு ஒருமுறை எழுதலாம். இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

நோய்க்கும் எண் வேண்டும். வேறிடத்திலிருந்து வந்த கட்டி மூளையின் வலது நடுக் குழாயை அடைத்தால் ஐ63.411, இடது என்றால் ஐ63.412. எந்தப் பக்கம் என்று மருத்துவர் குறிப்பில் எழுதவில்லையா? எண்ணிடும் எழுத்தர் ஊகித்து எழுதக் கூடாது. மருத்துவரிடமே திரும்பிக் கேட்க வேண்டும்.