கத்னா முகாமில் கேட்க வேண்டிய கேள்வி

கோடை விடுமுறை வந்துவிட்டால் பல ஊர்களில் இலவச கத்னா முகாம்கள் நடக்கின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. டாக்டர் யார், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றெல்லாம் விசாரிக்கும் நாம், கருவிகளைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

ஊசி, பிளேடு, கையுறை ஆகியவை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படுபவை. கத்தரிக்கோலும் ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கிகளும் அப்படியல்ல. அடுத்த பிள்ளைக்கும் அவையே வரும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே அது பரவப் போதும்.

முதல் வேலை கழுவுவது. கத்தரியின் மூட்டைத் திறந்து, சோப்புக் கரைசலில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் அதற்கடியில் உள்ள கிருமியை நீராவியோ மருந்தோ சரியாக எட்டாது. கழுவி உலர்த்திய பிறகு உறையிட்டு ஆட்டோகிளேவில் வைப்பார்கள். பிரஷர் குக்கர் போன்றதுதான் அது. சாதாரண வகை ஆட்டோகிளேவில், உறையிட்ட கருவிகளுக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் தேவை. சூடேறவும் உலரவும் ஆகும் நேரம் தனி.

கொதிநீர் போதாதா என்று கேட்கலாம். போதாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் தப்பிவிடும். ஸ்பிரிட்டும் டெட்டாலும் அவற்றை அழிப்பதில்லை. 2 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசல் அழிக்கும். ஆனால் சுமார் 10 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையில் தட்டில் ஐந்து நிமிடம் முக்கி எடுப்பது கிருமிநீக்கமே அல்ல.

ஆகவே கணக்கு எளிது. 40 பிள்ளைகளுக்கு 5 செட் கருவிகள்தான் என்றால், ஒவ்வொரு செட்டும் 8 முறை பயன்பட வேண்டும். ஒரே காலையில் அத்தனை முறை முறையாகக் கிருமிநீக்கம் செய்ய நேரமே கிடையாது. பிள்ளைக்கு ஒரு செட் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் இந்தக் கேள்வியை வரவேற்கவே செய்வார்.

உங்கள் பிள்ளைக்கான பொதி உங்கள் முன்னால் பிரிக்கப்படட்டும். அதன்மேல் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கோடு இருந்தால் பொதி சூட்டுக்குள் போய் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளே கருவி நன்றாகக் கழுவப்பட்டதா என்பதை அது சொல்லாது. பொதி ஈரமாகவோ கிழிந்தோ இருந்தால் வேறு பொதி கேட்டு வாங்குங்கள்.