பேன்ட்டுக்கு முன்னால் பைக்கு வந்த ஜிப்

முதல் உலகப் போர் நடந்தபோது அமெரிக்கக் கடற்படைச் சிப்பாயின் சீருடையில் காசு வைக்க ஒழுங்கான பாக்கெட் கிடையாது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பணப்பட்டை ஒன்று அவர்களிடம் நன்றாக விலைபோனது. அதன் வாயை மூடியது ஜிப். நம் பாட்டிகளின் சுருக்குப்பைக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம்: அதே இடுப்பு, அதே கவலை.

அதுவரை ஜிப் படாத பாடு பட்டிருந்தது. சிகாகோவில் விட்கோம் ஜட்சன் 1893இல் காப்புரிமை வாங்கியது, ஷூவின் வாயை ஒரே இழுப்பில் மூடும் கொக்கி வரிசைக்கு. அந்த ஆண்டு உலகக் கண்காட்சியிலும் அதை வைத்தார், சீந்துவாரில்லை. மூடியது தானே திறந்துகொள்ளும் என்றால் யார் வாங்குவார்கள்? ஜட்சனின் நிறுவனத்தில் பின்னர் சேர்ந்த கிடியோன் சுண்ட்பேக் என்ற ஸ்வீடன்காரப் பொறியாளர் 1913இல் கொக்கியையே தூக்கி எறிந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி. ஒரு பல்லின் மேடு எதிர்வரிசைப் பல்லின் குழியில் உட்காரும். இன்ச்சுக்கு நான்காக இருந்ததைப் பத்தாக்கினார். இப்படி நெருங்கிவிட்டால் எந்தப் பல்லும் தனியாக விலக முடியாது; ரன்னர் வந்து வழிவிட்டால்தான் உண்டு. காப்புரிமை 1917இல் கிடைத்தது.

பணப்பட்டைக்கு அடுத்து, 1920களில் புகையிலைப் பை. உடை தைப்பவர்கள் ஏன் தயங்கினார்கள் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக்கால உலோக ஜிப் துவைத்தால் துருப்பிடிக்கும். நடுவழியில் சிக்கினால் மானம் போகும். பைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அடிக்கடி துவைப்பதில்லை, வளைவு நெளிவு இல்லை, நேர்க்கோட்டில் போய் நின்றுவிடும். பைதான் ஜிப்புக்குப் பயிற்சிக்களம். ஆண்களின் பேன்ட்டில் அது நிலைகொள்ள 1930கள் ஆயின.

வீட்டுத் தையல்காரர்களுக்கு அது வசப்பட்டது உலோகப் பல் போய் நைலான் சுருள் வந்த பிறகு. உலோகப் பல்லின் மேல் மிஷினை ஓட்டினால் ஊசி முறியும். நைலானைக் கத்தரிக்கோலால் வெட்டலாம், குறுக்கே தைக்கலாம். டைலரிங் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்ளலாம். கோப்பதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். இரண்டு ஓரமும் சமமாக நுழையாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இனி பை. ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணி போதும். பேட்டர்னைப் பழைய செய்தித்தாளில் வெட்டிக்கொள்ளுங்கள்: ஒன்பது இன்ச் அகலம், ஆறு இன்ச் உயரம். மேல்துணியில் இரண்டு, லைனிங்கில் இரண்டு. மேல்துணியின் நல்ல பக்கத்தில் ஜிப்பைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் லைனிங்கை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மூன்றையும் சேர்த்து ஒரு தையல். மறுபக்கமும் அப்படியே. பிறகு விரித்து, ஜிப்பின் இரு ஓரத்திலும் துணிமேல் ஒரு தையல் ஓட்ட வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டவர்களின் பையில் லைனிங் ஜிப்பில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்து மேல்துணியோடு மேல்துணி, லைனிங்கோடு லைனிங் சேர்த்துச் சுற்றித் தைக்க வேண்டும். அதற்கு முன் ஜிப்பைப் பாதி திறந்துவிடுங்கள். லைனிங்கின் அடியில் நான்கு விரல் இடைவெளி விட்டால்தான் பையைப் புரட்ட முடியும். ஜிப் மூடியிருந்தால் புரட்டியும் பயனில்லை, ரன்னர் உள்ளே அகப்பட்டிருக்கும். அடிமூலைகளை முக்கோணமாக மடித்துக் குறுக்கே தைத்தால் பை உட்காரும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். ஜிப்பின் இரு முனைகள்தான் தைத்தவர் கையைக் காட்டிக்கொடுக்கும் இடம். அங்கே துணி குவிந்து கட்டிதட்டும். முனையில் சின்னத் துண்டுத்துணியை முன்கூட்டியே மடித்துத் தைத்துவிட்டால் மூலை கூராக வரும்.

இப்படிப் பிறக்கும் பைக்குள் ரேஷன் கார்டு, மாத்திரை, சாவி, சில்லறை எல்லாம் குடியேறும். முதலில் களைத்துப்போவது துணியல்ல, ரன்னர். இழுத்து இழுத்து அதன் வாய் அகன்றுவிடும். மூடிய பிறகும் பின்னால் பல் பிரியும். உடனே ஜிப்பை மாற்ற வேண்டியதில்லை. ரன்னரின் இரு பக்கமும் பிளையரால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓட்டம் கடினமானால் மெழுகுவத்தியைப் பல்மேல் தேயுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தெருமுனையில் பை தைப்பவரிடம் கொடுங்கள், ரன்னரை மட்டும் மாற்றித் தருவார்.