அன்பின் விருந்து

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் நடுவே இருக்கும் ஏர்பேட்டைச் சுற்றிய தெலுங்குச் சபைகளில், பண்டிகை ஆராதனை முடிந்தபின் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதற்கென்று ஒரு பெயர் உண்டு. அதன் முற்பாதி ‘பிரேம’. பிற்பாதி நம் ‘விருந்து’ தெலுங்கில் எடுத்த வடிவம். (அதை அப்படியே தமிழெழுத்தில் எழுதினால் பொருள் விபரீதமாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.) தமிழ் வேதாகமத்தில் இதற்கு நேரான தொடர் ‘அன்பின் விருந்து’. இரண்டும் யூதா நிருபத்தின் 12ஆம் வசனத்திலிருந்து வந்தவை. அந்த வசனத்தில் இத்தொடருக்கு நேரான கிரேக்கத்தில் விருந்து என்ற சொல்லே கிடையாது. ‘அகாபே’ என்பதன் பன்மைதான் இருக்கிறது, அதாவது ‘அன்புகள்’. முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் தங்கள் பொதுச் சாப்பாட்டை அன்பு என்றே அழைத்தார்கள். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்பட்டதால் மொழிபெயர்ப்பாளர்கள் விருந்தைச் சேர்த்தார்கள். ஆகவே கிறிஸ்தவம் பேசும் அன்பு ஒரு சமூகத்துக்கு எப்படி வழிகாட்டியது என்று பார்க்க விரும்புகிறவர், உணர்ச்சியை விட்டுவிட்டு இந்தச் சாப்பாட்டின் கதையைப் பின்தொடர்வதே நல்லது என்பது என் எண்ணம்.

இதற்கு முதல் மறுப்பு இறையியலாரிடமிருந்து வரும். அகாபே தன்னலமற்ற தெய்வீக அன்பு, மற்றக் காதல்களிலிருந்து வேறானது, அதன் உயர்வு அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது என்பார்கள். பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம்தான். ஆனால் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில், தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமார்மேல் கொண்டு, பிறகு பலாத்காரத்தில் முடித்த மோகத்துக்கும் இதே சொல்தான் வருகிறது. சொல் தானாகப் புனிதத்தைக் கொண்டுவரவில்லை. பயன்பட்ட இடம் அதற்குப் பொருள் கொடுத்தது. அந்த இடத்தைக் கொரிந்து சபையில் தெளிவாகப் பார்க்கலாம். வசதியுள்ளவர்கள் முன்னதாக உட்கார்ந்து தின்று குடித்து முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். பவுல் தன் முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் இதற்குச் சொன்ன தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது: ஒருவருக்கொருவர் காத்திருங்கள். இரண்டு அதிகாரம் தள்ளி, இன்று கல்யாண ஆராதனைகளில் மணமக்களுக்கு வாசிக்கப்படும் புகழ்பெற்ற அன்பு அதிகாரம் வருகிறது. அது மணமக்களுக்கு எழுதப்பட்டதல்ல, பந்தியில் முந்திக்கொண்டவர்களுக்கு எழுதப்பட்டது. பொறுமையும் தன்னலம் நாடாமையும் அங்கே பட்டியலிடப்படும்போது, காத்திராமல் சாப்பிட்டவர்களின் காதில் அவை என்னவாக விழுந்திருக்கும் என்று யோசித்தால் அந்த அதிகாரத்தின் சுவையே மாறிவிடும்.

அதற்குப் பிந்திய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 112ஐ ஒட்டி, பித்தினியா நாட்டின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் கூடிச் சாப்பிடுவது சாதாரண உணவுதான், தீங்கற்றது என்று விசாரித்தறிந்து பேரரசர் திராயானுக்கு எழுதினார். நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம் இவ்விருந்தைக் கோயிலுக்குள் நடத்தக்கூடாதென விதித்தது. 692இல் திருல்லோ சங்கம் அதையே திரும்ப விதிக்க வேண்டியிருந்தது. தடையைத் திரும்பப் போடுகிறார்கள் என்றால் வழக்கம் நின்றுவிடவில்லை என்றுதானே பொருள்! நாளடைவில் மேற்கே அது மங்கியது. 1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சபையார் அதை மறுபடி தொடங்கினார்கள். அவர்களிடம் ஜான் வெஸ்லி கற்றுக்கொண்டு மெதடிஸ்டுகளிடையே பரப்பினார்.

தமிழில் வந்து சேர்ந்தபோது இந்த விருந்துக்கு அதன் தாயகத்தில் இல்லாத ஒரு பொருள் கூடிற்று. ‘விருந்து’ என்றால் முதலில் உணவல்ல, புதுமை. பிறகு புதிதாக வந்தவர். அதன் பிறகுதான் அவருக்கு இடும் சோறு. திருக்குறளில் எட்டாம் அதிகாரம் அன்புடைமை, ஒன்பதாவது விருந்தோம்பல். கிரேக்க அகாபே சபைக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள் உண்ட உணவு. தமிழ் விருந்தோ முன்பின் அறியாதவரைத் திண்ணையிலிருந்து உள்ளே அழைப்பது. இரண்டையும் ஒட்டிய தொடர் தமிழ்நாட்டுச் சபைக்கு வந்தபோது, முன்பின் அறியாதவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. ஒரே கோயிலில் வேறு பாயில் உட்கார்ந்திருந்த வேறு சாதிக்காரரே அவர். 1820களில் தஞ்சையில் இருக்கையையும் நற்கருணையையும் பொதுவாக்க மிஷனரிகள் முனைந்தபோது கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து அடியோடு நீக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். 1840களின் பிற்பாதியில் மதுரை அமெரிக்க மிஷன் அன்பின் விருந்தையே சோதனையாக்கியது. யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதோடு யார் சமைத்ததை உண்ணுகிறார் என்பதும் கேள்வியாயிற்று. 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இதே பாதையில் தீர்மானம் போட்டது. தரங்கம்பாடியின் லைப்சிக் மிஷன் லுத்தரன்கள் இதை ஏற்கவில்லை. நாம் முதலில் பார்த்த ஏர்பேட்டுப் பக்கத்தில், 1860களில் தொடங்கி நாயுடுப்பேட்டை, சூலூர்ப்பேட்டை, காளத்தி, திருப்பதி என்று வேலை செய்த ஹெர்மன்ஸ்பர்க் மிஷனின் முன்னோடி மிலியஸ், அதற்கு முன் அந்த லைப்சிக் மிஷனில் இருந்தவர்.

சாஸ்திரியார் தரப்பிலும் லைப்சிக் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. கட்டாயப்படுத்தி ஊட்டிய கவளம் அன்பாகுமா? சம்பளத்துக்கு வேலை செய்த உபதேசியார் ஒருவரை, சாப்பிடு அல்லது வேலையை விடு என்றால் அது பரீட்சை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்தது சொல்லுக்குச் செய்த அநியாயம். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் மேசைக்கு யாரை அழைத்தார்கள் என்று திருப்பிக் கேட்கவும் இடமிருக்கிறது. ஆனால் சாஸ்திரியாரும் லைப்சிக் மிஷனும் சொன்ன மாற்று என்ன? சாதி உலக வழக்கம், அன்பு உள்ளத்தில் இருக்கட்டும் என்பது. இதை ஏற்க முடியாததற்குக் காரணம் வேதத்திலேயே இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்து, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். அவருடைய உள்ளத்தில் அன்பு இருந்ததா என்று பவுல் விசாரிக்கவில்லை. அவர் எழுந்துபோனதை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். மதுரை மிஷன் முறையில் தவறியது, கேள்வியில் தவறவில்லை.

சாதி கடந்து சேர்ந்துண்பதற்குக் கிறிஸ்தவம்தான் வேண்டுமா என்று ஏர்பேட்டுக்காரர் கேட்டால் அது வலுவான கேள்வி. அந்த ஊரிலேயே 1926இல் மலையாள சுவாமி வியாசாசிரமத்தை நிறுவி, எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் வேதாந்தக் கல்வியைத் திறந்துவிட்டார். அவர் நாராயண குருவின் சீடர் மரபில் வந்தவர். அதே குருவின் வழியில் நின்ற சகோதரன் ஐயப்பன் 1917இல் கேரளத்துச் செறாயில், தாழ்த்தப்பட்டவர்களோடு மற்றவர்கள் உட்கார்ந்துண்ட மிசிரபோஜனத்தை நடத்தி, ஊர்விலக்கையும் வசையையும் வாங்கிக்கொண்டார். ஆகவே அந்தக் கேள்விக்கு, வேண்டாம் என்றே பதில் சொல்ல வேண்டும். சேர்ந்துண்பதன் மேல் கிறிஸ்தவர்களுக்குத் தனியுரிமை இல்லை. அவர்களுக்கு இருப்பது தனிக்கடமை. அன்பு என்ற பெயரை ஒரு சாப்பாட்டுக்கே வைத்துவிட்டவர்கள், சாப்பாடு பிரிந்து கிடக்கும்போது அன்பு தனியாக நலமாயிருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

திருநெல்வேலிச் சீமையில் இந்த வழக்கம் இன்று ‘அசனம்’ என்ற பெயரில் வாழ்கிறது. வடமொழியில் வெறும் உணவு என்று பொருள்படும் சொல். அதில் அன்பும் இல்லை, விருந்தும் இல்லை. எனக்கு இந்த அடக்கம் பிடித்திருக்கிறது. தன்னைப் பெரிதாக அறிவித்துக்கொள்ளாத சொல் ஏமாற்றுவதும் குறைவு. பிரதிஷ்டைப் பண்டிகை நாளில் பெரிய அண்டாக்கள் ஏறி, ஊரே சாப்பிடும். எனினும் பல ஊர்களில் ஒரு சபை என்பதே ஒரு சாதியாராக இருக்கிறது. அங்கே பந்தி சமமாக இருப்பது எளிது, ஏனெனில் சோதிக்கப்பட வேண்டியவர் பந்திக்கே வரவில்லை. அண்டை ஊரில் அதே பேராயத்தைச் சேர்ந்த இன்னொரு சபை தன் அசனத்தைத் தனியே ஆக்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதும் சில இடங்களில் பெருகிவருகிறது. பசித்தவன் வீட்டிலே சாப்பிடட்டும் என்று பவுல் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொன்னது, சபையாகக் கூடும்போது பொறுத்திருந்து சேர்ந்து உண்ணும் பொருட்டு.