ஏரிக்கரை

ஏரிக்கரை: மழைநீரைப் பாசனத்துக்குத் தேக்குவதற்காகச் சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் போடும் மண்ணணை. மற்றப் பக்கங்களை நிலத்தின் மேடே தடுத்துக்கொள்ளும் என்பதால் தாழ்ந்த பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும். அதனால் கரை பெரும்பாலும் பிறைபோல் வளைந்திருக்கும். வட மாவட்டங்களில் ஏரி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லையில் குளம் என்று பெயர் மாறினாலும் கரை ஒரே வகைதான். நீரை வயலுக்கு விடும் வாய் மதகு அல்லது மடை. மிகைநீர் வழிந்தோடும் கல்கட்டு கலங்கல் அல்லது கலிங்கு. இலங்கைத் தமிழர் இவற்றைத் துருசு, வான் என்பர். குளம் நிரம்பி வழிந்தால் வான் பாய்கிறது என்பது அங்கே வழக்கு.

கல்லால் கட்டிய அணையின் மேல் வெள்ளம் ஏறிப் போனாலும் கல் நிற்கக்கூடும். மண்கரை நிற்காது. ஒரு சாண் நீர் மேலேறி வழிந்தாலே வெளிச்சரிவு அறுபடத் தொடங்கி, அறுப்பு உள்நோக்கி ஏறி, சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும். இதனால்தான் கரையின் தலைமட்டத்தைவிடக் கலங்கல் சில அடி தாழ்வாக வைக்கப்படுகிறது. பழைய கலங்கல்களின் மேல் வரிசையாக நட்ட குத்துக்கற்கள் இருக்கும். அவற்றுக்கிடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, பருவக் கடைசியில் கூடுதலாக ஒரு முழம் நீர் பிடிப்பது உழவர் வழக்கம். அடைத்ததை உரிய நேரத்தில் எடுக்கத் தவறினால் ஓர் இரவு மழை போதும்.

இன்னொரு வகை உடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் தொடங்குவது. மண்கரைக்குள் நீர் ஊறுவது இயல்பு. வெளி அடிவாரத்தில் தெளிந்த நீராகக் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கிய நீராக வந்தால் கரையின் மண் உள்ளிருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நீர் போகும் வழி துளையாகி, துளை சுரங்கமாகி, மேல்மண் உட்கார்ந்துவிடும். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிய குழி ஆகியவை அந்த நீருக்கு ஆயத்த வழிகள். எல்லாவற்றையும்விட நம்பக்கூடாத இடம் மதகு. கட்டடமும் மண்ணும் சேரும் பொருத்து எவ்வளவு இடித்துக் கெட்டித்தாலும் முழுதாக ஒட்டுவதில்லை. கரைமேல் புல் படர்ந்திருப்பது நல்லது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் கசிவும் வளையும் கண்ணில் படாமலே போகும்.

கரை காக்கப்பட வேண்டிய பொருள் என்ற அறிவு தமிழில் மிகப் பழையது. பாரி இறந்தபின் பறம்பு நாட்டை நினைக்கும் கபிலர், எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த சிறுகுளத்தின் கரை உடைந்து அழிவதைப் புறநானூற்றின் 118ஆம் பாடலில் சொல்கிறார். தலைவன் போனால் கரையைப் பார்ப்பார் இல்லை என்பதே அங்கே அழிவின் அடையாளம். அகநானூற்றின் 252ஆம் பாடலில் மகளைக் காக்கத் தூங்காதிருக்கும் தாய்க்கு உவமையாக வருபவன் பெருங்குளத்தைக் காப்பவன். இரவுக் காவல் அன்றைக்கே ஒரு தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பல்லவர் காலத்தில் ஏரிகள் அரசர் பெயர் தாங்கின. மகேந்திரவாடியின் மகேந்திர தடாகம், உத்திரமேரூரின் வயிரமேக தடாகம் ஆகியவை அப்படிப்பட்டவை. கட்டியவர் பெயரைவிட, பின்னால் யார் பராமரித்தார் என்பதே ஏரிகளின் வரலாற்றில் முக்கியம். சோழன் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உத்திரமேரூர்ச் சபையில் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்த வாரியங்களைக் குறிக்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஏரியில் ஓடம் விட்டு, வண்டலை வாரிக் கரையில் கொட்டுவதற்கென்றே வைத்த அறக்கட்டளைகளையும் அக்காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. தூர் எடுப்பதும் கரை உயர்த்துவதும் ஒரே வேலையாகச் செய்யப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. அதற்கென விட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது.

கரை கட்டும் அறிவைக் கல்லில் விரிவாக எழுதிவைத்த ஆவணம் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலுள்ள போருமாமிள்ளாவில் இருக்கிறது. விஜயநகர முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் 1369இல் பொறித்தது. ஆயிரம் ஆட்கள் நாளும் வேலை செய்ய, நூறு வண்டிகள் கல் சுமக்க, இரண்டு ஆண்டில் முடிந்த கரை அது. நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு உறுப்புகளையும் ஏரியைக் கெடுக்கும் ஆறு குற்றங்களையும் அக்கல்வெட்டு அடுக்குகிறது. நீரியல் கற்றவர், கெட்டியான நிலம், தொலைவிலிருந்து வரும் நன்னீர் ஆறு, அருகே கல் வெட்டும் இடம், வேலை தெரிந்த ஆட்கூட்டம் ஆகியன உறுப்புகளுள் சில. குற்றங்களுள் கரையில் நீர் கசிவது ஒன்று. உவர்மண் இன்னொன்று, உவர்மண் நீரில் எளிதில் கரையும் என்பதை இன்றைய மண்ணியலும் ஒப்புக்கொள்கிறது. இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவதும் குற்றம் என்கிறது கல்வெட்டு. உடைப்புக்குக் காரணம் மண்ணில் மட்டும் இல்லை, கரைக்குப் பொறுப்பாளி யார் என்ற குழப்பத்திலும் உண்டு என்று அறுநூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் கண்டிருக்கிறார்.

ஊரளவில் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர் நீர்கட்டி, மடைக்குடும்பன் எனப் பல பெயர்களில் வழங்கிய காவலாளிகள். மடை திறப்பது, வயல்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுவது, மழையிரவில் லாந்தரும் மண்வெட்டியுமாகக் கரை நெடுக நடப்பது எல்லாம் இவர்கள் வேலை. அறுவடைக் களத்தில் அளந்த நெல்லோ சிறு மானியமோ கூலி. பல ஊர்களில் இவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். காத்த நீர் பாய்ந்த வயலில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு காணி இல்லாதது வழக்கமாக இருந்தது. கரைமேல் அய்யனாரையும் மடைக் கருப்பசாமியையும் வைத்த சமூகம், கரையில் நடந்த மனிதரின் பெயரைக் கல்லில் வெட்டியது அரிது.

தெய்வக் காவலுக்குப் பேர்போனது மதுராந்தகம். உத்தம சோழனின் மதுராந்தகன் என்ற பெயர் தாங்கிய ஊர் அது. 1790களில் செங்கல்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரியின் உடைப்பைச் சரிசெய்த பிறகு, பெருமழை இரவொன்றில் கரையைப் பார்க்கப் போனார் என்றும், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும் கதை. அவ்வூர் ராமர் கோயிலின் மூர்த்தி அன்று முதல் ஏரிகாத்த ராமர். தாயார் சந்நிதியில் பிளேஸ் பெயர் பொறித்த கல்வெட்டு உள்ளது.

ஆங்கிலேயர் காலத்தில் ஏரிகள் எண்ணப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் 53,000 ஏரிகளும் சுமார் 30,000 மைல் நீளக் கரைகளும் இருந்ததாகப் பொறியாளர் பேர்ட் ஸ்மித் எழுதினார். ஆனால் வருவாய் அரசுக்குப் போக, பராமரிப்புக்கான மானியங்கள் கரைந்தன. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து தளர்ந்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், உடைப்பு அபாயத்தில் ஊராரைக் கரைக்கு வரவழைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. கூடிச் செய்த வேலை சட்டத்தின் மிரட்டலுக்கு உட்பட்டதே நிலை எவ்வளவு கெட்டிருந்தது என்பதற்குச் சாட்சி. பஞ்சத்தை ஆராய்ந்த அரசுக் குழுவுக்குப் பின் 1880களில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் பழைய கரையொன்றின் பெருஞ்சோகம் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயில் நேர்ந்தது. ஈழத் தமிழ் மரபு இக்குளத்தைக் குளக்கோட்டன் பெயரோடு சேர்க்கிறது. சிங்கள வரலாறு இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கிறது. சிறு ஏரி அல்ல: குளக்கட்டு 14,000 அடி நீளம், 50 அடி உயரம். 1986 ஏப்ரல் 20 அதிகாலை, ஊர் தூங்கும் நேரத்தில் கட்டு உடைந்தது. 120 முதல் 180 பேர் வரை மாண்டனர். 1,600க்கு மேற்பட்ட வீடுகளும் 2,000 ஏக்கர் நெல்வயலும் அழிந்தன. கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியது முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கிய மண் என்பதால் எதையும் தாங்கும் என்று எண்ணியிருக்கக் கூடாது.

இன்று தமிழ்நாட்டு ஏரிகளின் கணக்கு 39,202 எனப் பரவலாகத் தரப்படுகிறது. ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேலேரியின் கலங்கல் நீர் கீழேரிக்குப் போகும் சங்கிலி. மேலே ஒன்று உடைந்தால் அந்த வெள்ளத்தைக் கீழே உள்ளதன் கலங்கல் தாங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டக் குளங்கள் பல உடைந்தன.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த அளவுக்குக் கீழே உள்ளன. 2007ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஏரிகளில் ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கானது. ஏரியில் நீர் பரவும் உள்வாயில் வீடு கட்டியவருக்கு ஏரி நிரம்பக் கூடாது, ஆயக்கட்டு உழவருக்கு நிரம்ப வேண்டும் என்ற மோதலில் இருளில் கரை வெட்டப்படுவதை அது தடுக்கப் போதவில்லை.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் கரையின் பாதுகாப்பு இன்னும் மணல் மூட்டையிலும் சவுக்குக் கழியிலும் இருக்கிறது. அங்கே செய்யக் கூடாத ஒன்று உண்டு. அடிவாரத்தில் ஊற்றுக் கண் கொப்பளித்தால் அதை நேராக அடைக்கக் கூடாது. அடைத்தால் நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கண்ணைச் சுற்றி வளையமாக மூட்டை அடுக்கி, உள்ளே நீரை மெல்ல ஏறவிட வேண்டும். ஏறிய நீரின் கனம் ஊற்றை எதிர்த்து அழுத்தும். மண் வருவது நிற்கும், தெளிந்த நீர் மட்டும் வழியும்.