தொலைக்காட்சி நாடகாசிரியர் ராட் செர்லிங்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நாடகம் அரங்கேறாத ஆண்டு அரிது. "இந்த வசனம் வேண்டாம், இன்னார் மனம் புண்படும்" என்று நாடகம் எழுதுவோரைத் தடுப்போர் எங்கும் உளர். அத்தகைய இடையூறுகளைத் தம் தொழிலில் ஓயாது கண்ட அமெரிக்க எழுத்தாளர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ராட் செர்லிங் 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாராசூட் படையில் சேர்ந்து, பிலிப்பைன்ஸ் தீவுகளில் போரிட்டுக் காயமுற்றார். திரும்பியபின் கல்லூரியில் பயின்று, வானொலிக்கு எழுதிப் பழகித் தொலைக்காட்சிக்கு வந்தார்.

அந்நாளில் அங்கே நாடகங்கள் பல நேரடியாகவே ஒளிபரப்பாயின. 1955 ஜனவரி 12-ஆம் நாள் வெளியான 'பேட்டர்ன்ஸ்' அவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. முதலாளியின் அவமதிப்பால் நொந்து மடியும் முதிய அதிகாரி ஒருவரின் கதை அது. அலுவலகத்தில் நாட்களைக் கழிக்கும் நம்மவர்க்கு அதன் வேதனை விளக்க வேண்டியதன்று. மக்கள் விரும்பியதால், நடிகர்கள் மறுமாதமே மீண்டும் கூடி அதை நடித்தனர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். குற்றஞ் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரை வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி விடுவித்தது. இக்கொடுமையை நாடகமாக்க முனைந்தார் செர்லிங். ஆனால் நிகழ்ச்சிக்குப் பணம் தரும் விளம்பரதாரர்கள் தென்மாநிலத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சினர். 1956-இல் நாடகம் வெளியானபோது கதை வடகிழக்கு மாநிலத்துக்கு மாறியிருந்தது. மாண்டவன் எங்கிருந்தோ வந்த அந்நியன் ஆகியிருந்தான். 1958-இல் மீண்டும் முயன்றார். அப்போதும் கதை முந்தைய நூற்றாண்டுக்குத் தள்ளப்பட்டது. மாண்டவன் மெக்சிகோ நாட்டவன் ஆனான். உண்மைக்கு இருமுறை வேற்றுடை அணிவித்தார்கள்.

அதன்பின் அவரே மாற்றுடை தேடினார். 1959 அக்டோபர் 2-ஆம் நாள் 'ட்விலைட் ஸோன்' என்னும் விந்தைக் கதைத் தொடர் தொடங்கிற்று. 1964 வரை வெளிவந்த 156 கதைகளுள் 92 அவர் எழுதியவை. அந்நியக் கோளத்தாரும் மாயமும் நிறைந்த கதைகள் என்று விளம்பரதாரர்கள் வாளாவிருந்தனர்.

1960-இல் வந்த ஒரு கதையைக் கேளுங்கள். மேப்பிள் தெருவில் ஒரு மாலை மின்சாரம் நின்றுபோகிறது. வேற்றுக் கோளத்தார் நம்முள் ஒளிந்திருக்கின்றனர் என்று ஒரு சிறுவன் சொல்ல, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். இருளில் வந்தவன் மீது துப்பாக்கி வெடிக்கிறது. மாண்டவன் பகைவனல்லன்; செய்தி அறியச் சென்று திரும்பிய அவர்கள் தெருக்காரனே! மின்சாரத்தை நிறுத்தி விளையாடிய வேற்றுக் கோளத்தார் குன்றின்மேல் நின்று அதைக் காண்கின்றனர்.

நம் காலனியிலும் மின்சாரம் நிற்பதுண்டு. பல மாநிலத்தவர் அருகருகே வாழும் இடத்தில், ஒரு வதந்தி எத்துணை விரைவில் அயலானைப் பகைவனாக்கும் என்பதை நாமும் அறிவோம். எம்மெட் டில்லின் பெயரைச் சொல்ல விடாதவர்கள், அவனைக் கொன்ற வெறுப்பைச் செர்லிங் இவ்வாறு காட்டியபோது தடுக்கவில்லை.

ஆறு முறை எழுத்துக்காக எம்மி விருது பெற்ற அப்பெருமகனார், இதய நோயால் 1975 ஜூன் 28-ஆம் நாள் தமது 50-ஆம் வயதில் காலமானார். விழா நாடகம் எழுதும் நம் இளைஞர்கள் அவர் வாழ்வை எண்ணிப் பார்ப்பார்களாக!