எழுதியவர் பெயர்

1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இரட்டை வால் குருவி’ திரைப்படத்தில், காதலன் தன்னை ராஜராஜ சோழனாகப் பாவித்துப் பாடும் பாடலொன்று உண்டு. வானொலியிலும் ஒலிநாடாவிலும் பரவிய அப்பாடலைக் கேளாத தமிழ் இல்லம் அரிது. பாடியவர் யேசுதாஸ் என்பர். இசையமைத்தவர் நம் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா என்பர். எழுதியவர் யாரென வினவினால் பலருக்கு விடை தெரிவதில்லை.

அவர் நம் பெரியகுளத்தில் 1945-இல் பிறந்த கவிஞர் மு. மேத்தா. 1974-இல் வந்த ‘கண்ணீர்ப் பூக்கள்’ தொகுப்பால் புதுக்கவிதையை மாணவர் நெஞ்சில் பதித்தவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை ‘நாயகம் ஒரு காவியம்’ எனப் பாடியவர். ‘ஆகாயத்துக்கு அடுத்த வீடு’ நூலுக்காக 2006-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர்.

ஹதீஸ் கலையில், ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை அறிவித்தவர் யாரெனக் கேட்பது நம் முன்னோர் வகுத்த முறை. சொல்லுக்கு உரியவரை மறவாத அவ்வொழுக்கம் இலக்கியத்துக்கும் ஏற்றதே. திரைப்பாடல் கேட்கலாமா என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், கேட்கின்ற பிள்ளைகளுக்கு அதை யாத்தவர் நம் ஊரார் என்பதையேனும் சொல்லி வைப்போம். பாடகர் குரலை ஒலிநாடா காத்துவிடும். புலவர் பெயரை நாம்தாம் காக்க வேண்டும்.