நீரூற்றும் கிணறும்

எஸ்பிளனேட் பூங்காப் பக்கம் போனால் டான் கிம் செங் நீரூற்றருகே கொஞ்ச நேரம் நிற்பேன். மலாக்காவில் பிறந்த வணிகர். சிங்கப்பூருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டுமென்று 1857-இல் 13,000 வெள்ளி கொடுத்தார். காலரா தண்ணீரில்தான் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருப் பம்பைக் காட்டிச் சொல்லி அப்போது மூன்றே வருஷம். வைத்தியர்கள் பலர் நம்பவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள்.

நீர்த்தேக்கம் 1868-இல் முடிந்தது. பம்பும் குழாயும் வர 1877 ஆகிவிட்டது. நடுவில் 1873-இல் காலரா. அதுவரை சனங்களுக்குக் கிணறுதான், பல இடங்களில் கக்கூஸ் குழிக்குப் பக்கத்திலேயே. தண்ணி தெளிவாக இருந்தால் நல்ல தண்ணி. அவ்வளவுதான் சோதனை.

ரொம்பக் காலம் கழித்து, ஜொகூர்த் தோட்டத்தில் என் பாட்டியும் அந்தச் சோதனையைத்தான் செய்தார். கிணற்றை எட்டிப் பார்த்து, “கண்ணாடி மாதிரி இருக்குய்யா” என்பார். வயிற்றுப்போக்கில் போன இரண்டு பிள்ளைகளுக்கும் காத்து கருப்பு அடித்துவிட்டது என்றே கடைசிவரை சொன்னார். லண்டன் வைத்தியர்களும் காற்றைத்தானே சொன்னார்கள், பாட்டியை எப்படிக் குறை சொல்வது?

நன்றிக்காக நகராட்சி இந்த நீரூற்றை வைத்தது 1882-இல். கிம் செங் 1864-இலேயே இறந்துபோனார். அவர் கேட்ட தண்ணீரில் ஒரு மடக்குகூட அவர் குடிக்கவில்லை.